ஸ்டோமா வைத்தவருக்கு முதலில் வேண்டியது புரோபயாடிக்கா, உப்பா?

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது. மலக்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. தையல் போட்ட இடம் ஆறும்வரை மலம் அந்த வழியாகப் போகக்கூடாது என்பதற்காக, சிறுகுடலின் ஒரு மடிப்பை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். சில மாதம் கழித்து மூடிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "தண்ணி நிறைய குடிங்க மாமா" என்கிறார் ஒருவர். "உப்பைக் குறைச்சுக்குங்க அண்ணே, பி.பி. ஏறிடும்" என்கிறார் இன்னொருவர். "இளநீர் கொடுங்க, குளிர்ச்சி" என்கிறார் எதிர்வீட்டு அம்மா. கொஞ்சம் படித்த உறவினர் ஒருவர் மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார்: "குடல்லயே கைவச்சுட்டாங்க தம்பி. நல்ல பாக்டீரியா எல்லாம் போயிருக்கும். புரோபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடு, குடல் ஆரோக்கியம் திரும்பிடும்."

மகன் மருந்துக்கடைக்குப் போய் ஒரு அட்டை வாங்கி வருகிறான். விலை கொஞ்சம் கூடத்தான். பரவாயில்லை, அப்பாவுக்காகத்தானே! பத்து நாள் கழிகிறது. பை ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை நிறைகிறது. அப்பாவுக்கு நாக்கு வறள்கிறது, கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, சிறுநீர் கொஞ்சமாக, கடும் மஞ்சளாகப் போகிறது. மறுபடியும் ஆஸ்பத்திரி. "கிட்னி பாதிச்சிருக்கு. உடம்புல உப்பும் தண்ணியும் இல்ல" என்கிறார்கள்.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் சிறுகுடலில் ஸ்டோமா வைத்தவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டிய முக்கியக் காரணங்களில் நீர்ச்சத்து இழப்பும் ஒன்று என்பது கற்பனை இல்லை. மாத்திரை வாங்கிய மகன் தப்பு செய்யவில்லை. அவனுக்குத் தவறான கேள்வியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். "எந்தப் புரோபயாடிக் நல்லது?" என்பது ஸ்டோமா வைத்தவர் வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அல்ல. அது நான்காவதோ ஐந்தாவதோ வர வேண்டிய கேள்வி. சிலருக்கு வரவே வேண்டாத கேள்வி.

ஸ்டோமா என்றால் என்ன?

ஸ்டோமா என்பது கிரேக்கச் சொல். வாய் என்று அர்த்தம். குடலை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து வைக்கும் திறப்புக்கு அந்தப் பெயர். பெருங்குடலை வெளியே கொண்டுவந்தால் கோலோஸ்டமி. சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் கொண்டுவந்தால் இலியோஸ்டமி. புற்றுநோய், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், கிரோன்ஸ் நோய், விபத்து, குடல் முறுக்கு என்று காரணங்கள் பல. சிலருக்குத் தற்காலிகம், சிலருக்கு ஆயுள் முழுவதும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே முக்கியம். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் உடம்புக்குள் நடப்பது வேறு வேறு.

சாப்பாடு, குடிக்கும் தண்ணீர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். மிச்சம் ஒன்று, ஒன்றரை லிட்டர் பெருங்குடலுக்குப் போகும். பெருங்குடல் அதிலும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உறிஞ்சி, 100 முதல் 200 மில்லி மட்டும் மலத்தோடு வெளியே விடும். அதாவது பெருங்குடல் என்பது உடம்பின் உப்பும் தண்ணீரும் வீணாகாமல் காக்கும் கடைசிக் காவல்காரன்.

கோலோஸ்டமியில், அதுவும் பெருங்குடலின் இடப்பக்கக் கடைசிப் பகுதியில் வைக்கப்பட்டதில், இந்தக் காவல்காரன் பெரும்பாலும் வேலையில் இருக்கிறான். மலம் ஓரளவு கெட்டியாகவே வரும். இலியோஸ்டமியில் அவனுக்குக் கட்டாய விடுப்பு. சிறுகுடல் எதை அனுப்புகிறதோ அது நேராகப் பைக்கு வந்துவிடும்.

விழுங்கிய பாக்டீரியா எங்கே போகிறது?

புரோபயாடிக் என்றால் என்ன என்பதற்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001-ல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் கூடி ஒரு வரையறை தந்தது. அதன் சாரம் இதுதான்: உயிருள்ள நுண்ணுயிராக இருக்க வேண்டும், போதுமான அளவில் எடுக்க வேண்டும், எடுத்தவருக்கு அதனால் உடல்நல நன்மை இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது புரோபயாடிக் இல்லை. அட்டைமேல் என்ன எழுதியிருந்தாலும் சரி.

மனிதக் குடலில் நுண்ணுயிர்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு கிராமுக்கு ஒரு கோடி, பத்துக் கோடி என்ற அளவில் இருந்தால், பெருங்குடலில் அது பத்தாயிரம் கோடியையும் தாண்டும். பத்திரிகைகளில் "குடல் நுண்ணுயிர்" என்று எழுதப்படும் பெரும்பாலான விஷயங்கள் உண்மையில் பெருங்குடலைப் பற்றியவை. நார்ச்சத்தைப் புளிக்க வைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுவதும், அதில் ஒன்றான பியூட்டிரேட்டைக் கொண்டு பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு உணவு கொடுப்பதும் அங்கேதான் நடக்கிறது.

இப்போது அந்த அப்பாவுக்குத் திரும்பலாம். அவர் காலையில் ஒரு கேப்ஸ்யூல் விழுங்குகிறார். அது இரைப்பையைத் தாண்டி, சிறுகுடல் முழுவதும் பயணித்து, சில மணி நேரத்தில் ஸ்டோமாவுக்கு வந்து சேர்கிறது. அப்புறம்? பைக்குள் விழுகிறது. அவ்வளவுதான். பெருங்குடல் அவர் வயிற்றுக்குள்தான் இருக்கிறது, ஆனால் அங்கே போகும் பாதை துண்டிக்கப்பட்டிருக்கிறது. குடியிருக்க வீடு தேடி வந்தவனை வாசலோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்ட கதை! சில நேரம் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகள் கரையாமல் முழுசாகவே பைக்குள் வந்து கிடப்பதும் உண்டு. இலியோஸ்டமி உள்ளவர்கள் எந்த மாத்திரைக்கும் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மலம் போகாமல் ஓய்வில் இருக்கும் பெருங்குடலுக்கு உணவு கிடைக்காமல் அழற்சி வருவதுண்டு. 1981-ல் அமெரிக்க மருத்துவர் கிளாட்சரும் அவர் சகாக்களும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். டைவர்ஷன் கோலைட்டிஸ் என்று பெயர். நுண்ணுயிர்களின் உதவி உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் இது என்று சொல்லலாம். ஆனால் வாயால் விழுங்கும் மாத்திரை அங்கே போய்ச் சேராதே! அதனால்தான் ஸ்பெயினில் சில மருத்துவர்கள், ஸ்டோமாவை மூடுவதற்கு முன்பு, அதன் கீழ்வாய் வழியாக புரோபயாடிக் கலந்த திரவத்தை நேரடியாகப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்த்து, அழற்சி குறைகிறதா என்று ஆராய்ந்தார்கள். 2021-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு நம்பிக்கை தருவதாகவே இருந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் மருத்துவர் செய்வது. வீட்டில் யாரும் முயலக்கூடாது. கடையில் வாங்கும் அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழைய நம்பிக்கை, புது அட்டை

"நல்ல பாக்டீரியா" என்ற ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1908-ல் நோய் எதிர்ப்பாற்றல் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகோவ், பெருங்குடலில் அழுகும் கழிவுதான் மனிதனை முதுமையாக்குகிறது என்று நம்பினார். பல்கேரிய விவசாயிகள் நீண்ட காலம் வாழ்வதற்கு அவர்கள் குடிக்கும் புளித்த பாலே காரணம் என்றார். அவர் சொன்னதைக் கேட்டு ஐரோப்பாவில் ஊரே தயிர் சாப்பிட ஆரம்பித்தது.

அதே காலத்தில் லண்டனில் ஆர்பத்னாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இன்னும் ஒருபடி மேலே போனார். பெருங்குடல்தான் விஷத்தின் உறைவிடம் என்றால் அதை வைத்துக்கொண்டு எதற்கு என்று, மலச்சிக்கலுக்காகவே பலருக்குப் பெருங்குடலை வெட்டி எடுத்தார்! பிறகு அந்தக் கொள்கையே தவறு என்று ஒதுக்கப்பட்டது.

குடலைப் பற்றிய அரைகுறை அறிவு, ஒரு பெரிய மனிதரின் பெயரோடும் ஒரு நல்ல கதையோடும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது பழைய உதாரணம். "குடல் ஆரோக்கியம்" என்ற இன்றைய விளம்பரச் சொல்லும் அந்த வம்சம்தான். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் யாருடைய குடல், எந்தப் பகுதி, என்ன ஆபரேஷன் என்று அது கேட்பதே இல்லை.

உப்புக் கணக்கு

சரி, அந்த அப்பாவுக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது?

நன்றாகப் பழகிவிட்ட இலியோஸ்டமியில் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லியிலிருந்து ஒரு லிட்டர்வரை வெளியேறும். ஒன்றரை, இரண்டு லிட்டரைத் தாண்டினால் அதை அதிக வெளியேற்றம் என்பார்கள். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் இது நடக்கும் வாய்ப்பு அதிகம். வெளியேறும் ஒவ்வொரு லிட்டரோடும் சுமார் 100 மில்லிமோல் சோடியம் போகிறது. சமையல் உப்புக் கணக்கில் ஏறக்குறைய 6 கிராம். ஒரு டீஸ்பூன் உப்பு! மற்றவர்கள் ஒரு நாள் முழுவதும் 5 கிராமுக்குக் கீழே உப்பு சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இவருக்கோ இரண்டு லிட்டர் போனால் 12 கிராம் பையோடு போய்விடுகிறது. இவரிடம் போய் "உப்பைக் குறைங்க அண்ணே" என்றால்?

"தண்ணி நிறைய குடிங்க" என்பதும் அதேபோல ஒரு கண்ணி. வெளியேற்றம் அதிகமாக இருக்கும்போது வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் தாகம் தீராது, பைதான் நிறையும். உப்பில்லாத நீர் சிறுகுடலுக்குள் வரும்போது, உடம்பிலிருக்கும் சோடியம் குடலுக்குள் கசிந்து அதோடு வெளியே போகிறது. குடிக்கக் குடிக்க இழப்பு கூடுகிறது. இளநீரிலும் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. டீ, காபி, பாட்டில் ஜூஸ் எல்லாம் இதே ரகம்.

சோடியமும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்து வந்தால், சிறுகுடல் இரண்டையும் ஜோடியாக உள்ளே இழுக்கும், கூடவே தண்ணீரும் போகும். உப்பு சர்க்கரைக் கரைசலின் ரகசியம் இதுதான். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றினார். 2022-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் அறிவித்தது. அந்தச் சின்னப் பொட்டலத்துக்கு டிவியில் விளம்பரம் அதிகம் வருவதில்லை. புரோபயாடிக் அட்டையின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

2002-லிருந்து உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. ஸ்டோமா வெளியேற்றம் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு இதுவும் பற்றாமல் போகலாம். அவர்களுக்காக லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பெயரால் வழங்கும் கரைசல் ஒன்று உண்டு: ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. சோடியம் சுமார் 90 மில்லிமோல் வரும். யாருக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதயக் கோளாறும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு.

கடையில் வாங்கும்போது இன்னொரு கவனமும் தேவை. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு, சர்க்கரை தூக்கலான பழச்சுவைப் பானங்கள் இந்தியக் கடைகளில் பல வருடம் விற்றன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. பொட்டலத்தில் சோடியம் அளவைப் படித்துவிட்டு வாங்குவதே நல்லது.

அப்படியானால் புரோபயாடிக்கே வீணா?

இல்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பொய். நன்றாக வேலை செய்வதாக ஆய்வு சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது குறுகிய இடம்.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் முற்றிப்போய் பெருங்குடல் முழுவதையும் எடுக்க வேண்டி வந்தவர்களுக்கு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து ஒரு உள்பையாகத் தைத்து ஆசனவாயோடு இணைக்கும் அறுவை சிகிச்சையை, செயின்ட் மார்க்ஸில் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் 1978-ல் உலகுக்கு அறிவித்தார்கள். உள்பை ஆறும்வரை தற்காலிக இலியோஸ்டமி வைப்பதும், பிறகு மூடுவதும் வழக்கம். இந்த உள்பையில் சிலருக்குத் திரும்பத் திரும்ப அழற்சி வரும். பவுச்சைட்டிஸ் என்பார்கள்.

2000-ல் இத்தாலியில் கியோன்கெட்டியும் குழுவினரும் இப்படிப்பட்ட 40 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆன்டிபயாடிக்கால் அழற்சி அடங்கிய பிறகு 20 பேருக்கு வி.எஸ்.எல்.3 என்ற, எட்டு வகை பாக்டீரியா சேர்ந்த பொடி, 20 பேருக்குச் சும்மா பொடி. ஒன்பது மாதத்தில் சும்மா பொடி சாப்பிட்ட 20 பேருக்கும் அழற்சி திரும்பிவிட்டது. பாக்டீரியா பொடி சாப்பிட்டவர்களில் 3 பேருக்கு மட்டுமே திரும்பியது. மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான வித்தியாசம் எப்போதாவதுதான் கிடைக்கும். ஆனாலும் 40 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்பதை மறக்கக் கூடாது.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, இவர்களுக்கு ஸ்டோமா மூடப்பட்டு, உள்பை வேலை செய்துகொண்டிருந்தது. பாக்டீரியா தங்குவதற்கு ஓர் இடம் இருந்தது. இரண்டு, அவர்கள் எடுத்த அளவு ஒரு நாளைக்கு 1,80,000 கோடி பாக்டீரியா. கடையில் கிடைக்கும் பல கேப்ஸ்யூல்களில் இருப்பது சில நூறு கோடி. மூன்று, அந்த எட்டு வகைக் கலவையின் முடிவு வேறு கலவைக்குப் பொருந்தாது. பல வருடம் கழித்து அமெரிக்காவில் அதே பெயரில் வேறு கலவை விற்கப்பட்டதும், அது நீதிமன்றம்வரை போனதும் தனிக்கதை. பெயரைப் பார்த்து வாங்கினால் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2020-ல் எல்லா ஆய்வுகளையும் அலசி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், கிரோன்ஸ், எரிச்சல் குடல் நோய் ஆகியவற்றுக்கு, ஆராய்ச்சிக்குள் தவிர வெளியே புரோபயாடிக் கொடுக்க ஆதாரம் போதாது என்றது. பவுச்சைட்டிஸ், ஆன்டிபயாடிக் எடுக்கும்போது வரக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்றைத் தடுப்பது, குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகல் நோய் ஆகியவற்றில் மட்டும் குறிப்பிட்ட சில வகைகளைப் பரிசீலிக்கலாம் என்றது. ஸ்டோமா வைத்தவருக்குப் பொதுவாகக் கொடுக்கலாம் என்ற வரி அதில் கிடையாது.

பெருங்குடல் ஆபரேஷனை ஒட்டிப் புரோபயாடிக் கொடுத்தால் நோய்த்தொற்று குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல சிறியவை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாக்டீரியா. ஆபரேஷன் செய்யும் மருத்துவரே முடிவு செய்து கொடுத்தால் அதை மறுக்க வேண்டியதில்லை.

"கெடுதல் ஒண்ணும் இல்லையே, சாப்பிட்டா என்ன?"

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் கெடுதல் இல்லைதான். ஆனால் உடம்பு பலவீனமாக இருக்கும்போது கதை மாறும். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் லான்செட் இதழில் வந்தது. தொற்று குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. புரோபயாடிக் எடுத்த 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். எடுக்காத 144 பேரில் 9 பேர். எடுத்தவர்களில் 9 பேருக்குக் குடலுக்கு ரத்தம் போகாமல் பாதிப்பு வந்தது, எடுக்காதவர்களில் ஒருவருக்கும் இல்லை. அது ஸ்டோமா நோயாளிகள் மேல் செய்த ஆய்வு இல்லை. ஆனால் "கெடுதலே கிடையாது" என்ற பேச்சை அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

குடல் மிகவும் குட்டையாகிப்போய், பெரிய ரத்தக்குழாயில் டியூப் வைத்துச் சத்து ஏற்றப்படுகிறவர்களுக்கு ஈஸ்ட் வகைப் புரோபயாடிக் ஆபத்து. அது ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். ஒரே வார்டில் பக்கத்துக் கட்டில்காரருக்காகப் பாக்கெட்டைப் பிரித்தால்கூட அந்த ஆபத்து உண்டு என்று எச்சரிக்கிறார்கள். கீமோ எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இன்னொன்று: ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களுக்குச் சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமானது என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வு 2018-ல் காட்டியது. வந்த விருந்தாளி வீட்டுக்காரரையே வாசலில் நிறுத்திவிட்டார்!

இவற்றையெல்லாம்விடப் பெரிய கெடுதல் வேறு. மாத்திரை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் பையை அளக்காமல் விடுவது. அந்த அப்பாவைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது கேப்ஸ்யூல் அல்ல. அது கொடுத்த நிம்மதி.

தயிர், மோர், பழையது

இதைப் படித்துவிட்டுத் தயிரைத் தூக்கி எறிய வேண்டாம். தயிரும் மோரும் ஸ்டோமா வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல உணவுதான். புரதம் இருக்கிறது, பலருக்கு எளிதில் செரிக்கிறது, பையில் வரும் நாற்றத்தைக் குறைக்க உதவும் உணவுகளின் பட்டியலில் இரண்டும் வழக்கமாக இடம்பெறுகின்றன. தயிர் சாதம் இன்னும் நல்லது. குழைந்த அரிசிச் சோறு, வாழைப்பழம், ஜவ்வரிசி போன்றவை வெளியேற்றத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கும். மோரில் உப்புப் போட்டுக் குடித்தால் சோடியமும் சேரும். ஆனால் அது ஓ.ஆர்.எஸ்.க்கு மாற்று இல்லை.

அதற்காக வீட்டுத் தயிரைப் புரோபயாடிக் மருந்து என்று சொல்லவும் முடியாது. உறை ஊற்றும் பாத்திரத்துக்குப் பாத்திரம், வீட்டுக்கு வீடு அதிலுள்ள பாக்டீரியா மாறும். இட்லி, தோசை மாவில் பாக்டீரியா நிறைய. ஆனால் ஆவியில் வெந்த இட்லியில் உயிரோடு எது மிஞ்சும்? பழையசோற்றில் உயிருள்ள பாக்டீரியா உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் அதைப் பற்றி ஆய்வும் நடந்திருக்கிறது. ஆனால் ஆபரேஷன் முடிந்து சில வாரங்களே ஆனவர், சுத்தம் சந்தேகமான தண்ணீரில் ஊறிய சோற்றைச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தால் அவருக்கு அது சாதாரண வயிற்றுப்போக்கு இல்லை. உணவாகப் பார்த்தால் எல்லாம் நல்லது. மருந்தாகப் பார்த்தால்தான் ஏமாற்றம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஸ்டோமா வைத்தவருக்குத் தன் உடம்பு தன் கையைவிட்டுப் போய்விட்டது போல் ஒரு உணர்வு வருவது இயல்பு. கல்யாணத்துக்குப் போகக் கூச்சம், பஸ்ஸில் பயம், பக்கத்தில் உட்காருபவருக்கு வாடை வருமோ என்ற கவலை. "நானாக ஏதாவது செய்து தேற வேண்டும்" என்ற தவிப்புக்கு ஒரு மாத்திரை அட்டை சுலபமான பதில். அந்தத் தவிப்பைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் அதற்குச் சரியான வேலையைக் கொடுக்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கேளுங்கள்: வைத்திருப்பது கோலோஸ்டமியா, இலியோஸ்டமியா? எவ்வளவு குடல் மிச்சம் இருக்கிறது? சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்திருந்தால் பி12 ஊசி தேவையா? ஒரு நாளைக்கு எத்தனை மில்லி தாண்டினால் போன் செய்ய வேண்டும்? எந்தக் கரைசல், எவ்வளவு? வெளியேற்றத்தைக் குறைக்கும் மாத்திரை வேண்டுமா? தேங்காய்த் துண்டு, காளான், சோளம், கடலை போன்ற அடைத்துக்கொள்ளும் உணவுகளை எப்போது, எப்படி ஆரம்பிக்கலாம்? பிறகு வீட்டில் ஒரு அளவுக் குவளையும் ஒரு நோட்டும் போதும். பையைக் காலி செய்யும்போதெல்லாம் அளந்து எழுதுங்கள். சிறுநீரின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். காலையில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். இந்த நோட்டு எந்தக் கேப்ஸ்யூலும் செய்யாத வேலையைச் செய்யும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் புரோபயாடிக் ஆசை இருந்தால், மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "எனக்கு எதற்காக, எந்த வகை, எவ்வளவு, எத்தனை நாள்? பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" நாலுக்கும் பதில் வந்தால் வாங்குங்கள். வராவிட்டால் அந்தக் காசுக்குச் சருமத்தைப் புண்ணாக்காத நல்ல பையாகப் பார்த்து வாங்குங்கள். அது உறுதியாகப் பயன்படும்.

அந்தக் கற்பனை வீட்டு மகன் மருந்துக்கடையில் கேட்டிருக்க வேண்டியது ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான். இலியோஸ்டமி வைத்த யாரையாவது பார்க்கப் போகிறவர்கள் பழத்தட்டோடு இதையும் எடுத்துப் போகலாம்: "இன்னைக்குப் பை எவ்வளவு வந்துச்சு? டாக்டர் சொன்ன உப்புத் தண்ணி குடிச்சீங்களா?" என்ற ஒரு விசாரிப்பு. முதலில் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்க வேண்டும்.